வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா கேட்கிறார்கள், என்ன செய்ய?

கேள்வி: ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் 17 வருடமாக வேலை. வயது 44. தர ஆய்வுப் பிரிவில் இப்போது சீனியர் சூப்பர்வைசர். என் மகளின் காதணி விழாவுக்கே வந்த பழைய முதலாளி கம்பெனியை விற்றுவிட்டார். புது நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, “நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளமும் கிராஜுவிட்டியும் தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்” என்கிறது. 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஷிஃப்டுக்குப் போனவன் நான். விசுவாசத்துக்கு இதுதான் பலனா?

பதில்: விசுவாசத்தை அப்புறம் பேசலாம், முதலில் வெள்ளிக்கிழமை. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, அவர்கள் தரும் சலுகை இல்லை. ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் அது உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 15,000, அதை 17 வருடத்தால் பெருக்கினால் 2,55,000 ரூபாய். நீங்கள் ஏற்கெனவே சம்பாதித்துவிட்ட பணத்தைத்தான் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள்.

ஆட்குறைப்பு என்று அவர்களே அனுப்பினால் கணக்கு வேறு. குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். 17 வருடத்துக்கு 255 நாள், அதாவது எட்டரை மாதம், கிராஜுவிட்டி தனி. இதற்குப் பதிலாகத்தான் இரண்டு மாதம் பேசுகிறார்கள். ராஜினாமா உங்கள் கையெழுத்தில் இருந்தால் எட்டரை மாதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை, அதனால்தான் இந்த அவசரம்.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் ‘தொழிலாளி’ கணக்கில் வரமாட்டார், அந்த எட்டரை மாதத்தைச் சட்டப்படி கேட்கவும் முடியாது. பதவி உயர்வு என்று சூப்பர்வைசர் பட்டம் கொடுக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் பட்டத்தை மட்டும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்யாது, நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பார்க்கும். தினமும் நீங்களே கேஜ் பிடித்து பாகங்களை அளந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால் நீங்கள் தொழிலாளிதான் என்று காட்ட வழி இருக்கிறது. பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பதவி உயர்வுக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலைப் பாருங்கள். அவர்கள் சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால், “நேற்று இப்படிச் சொன்னீர்கள்” என்று நீங்களே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். உங்களைப் போல இன்னும் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடியபோது தொழிலாளர்கள் 2022-இல் ஒன்றாக நின்று பேசித்தான் இழப்பீட்டைக் கூட்டி வாங்கினார்கள்.

சரி, விசுவாசம். உங்கள் முதலாளி நல்லவராகவே இருக்கட்டும், விலை வந்ததும் அவரும் விற்றுவிட்டார்தானே? அதை நான் துரோகம் என்று சொல்லமாட்டேன், அது அவருடைய வியாபாரம். உங்களுக்குத்தான் அது வேறு ஏதோவாக இருந்திருக்கிறது. நானும் ஒரு அலுவலகத்தில் 11 வருடம் இருந்தேன். கடைசி நாளில் டிராயர் சாவி தொலைந்ததற்கு 200 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தாவும் உங்கள் பிரிவுப் பையன்களைத் திட்டியிருப்பீர்களே, அவர்களுக்கு இது 23 வயதிலேயே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளத்தில் நடந்தது வீண் என்று நினைக்காதீர்கள். ஆடிட்டுக்கு வரும் கார் கம்பெனிக்காரர்கள் இத்தனை வருடமாக உங்களோடுதானே உட்கார்ந்து பேசியிருப்பார்கள்? அவர்களில் இரண்டு பேருக்கு இன்றைக்கே போன் போடுங்கள், வேலை தேடுகிறேன் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அந்த அறைக்குப் போகும்போது பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.