3.8 லிட்டர் ஜாகுவார் இ-டைப்பில் முதல் கியர் உரசினால் போர்ஷே 911 பக்கம் போகலாமா?

பழைய ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911 எஸ் இரண்டில் ஒன்றை வாங்கப் பார்க்கிறீர்கள், ஜாகுவாரை ஓட்டிப் பார்த்தபோது முதல் கியர் உரசியது என்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காக அதை ஒதுக்காதீர்கள். நீங்கள் பார்த்த 1963 இ-டைப்பில் இருப்பது பழைய மோஸ் கியர்பாக்ஸ். அதில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ, சுழலும் வேகங்களைச் சமன் செய்யும் அமைப்பு) கிடையாது. வண்டி உருளும்போது முதல் கியருக்கு மாற்றினால் கரகரக்கத்தான் செய்யும். 1964 கடைசியில் 4.2 லிட்டர் எஞ்சினோடு வந்த புதிய கியர்பாக்ஸில்தான் இந்தக் குறை நீங்கியது.

மறுபடி ஓட்டிப் பாருங்கள்:

1. வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து இரண்டு விநாடி பொறுத்து முதல் கியர் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பெரும்பாலும் அதன் ஹைட்ராலிக் சிலிண்டர்தான் காரணம், சின்ன வேலை.

2. ஓட்டத்தில் இரண்டாம், மூன்றாம் கியர் உரசினால் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

உண்மையில் பணத்தை விழுங்குவது துரு. இ-டைப்பில் முன்பக்கச் சட்டக் குழாய்கள் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். 1967 911 எஸ்-இலும் இதே கதைதான்: வண்டியைத் தூக்கி வைத்து, முன்னால் பேட்டரி வைக்கும் இடம், கதவடிப் பகுதி இரண்டையும் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில், துருவை மறைக்கப் பூசிய புட்டி இருக்கிறது.

அப்புறம், இ-டைப்பின் எஞ்சின் எண் ஜாகுவார் ஹெரிடேஜ் சான்றிதழோடு (ஆலைப் பதிவேட்டின்படி வண்டியின் அசல் விவரம் சொல்லும் ஆவணம்) ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இரண்டு வண்டியும் துருவில்லாமல் இருந்தால் நான் 3.8-ஐத்தான் எடுப்பேன். வாராவாரம் நகர நெரிசலில் ஓட்டுவீர்கள் என்றால் மட்டும் 911. காற்றால் குளிரும் எஞ்சின், ரேடியேட்டர் கவலை இல்லை.