பவர் சேரில் கால்பந்து ஆடினால் அடிபடாதா?

கடலூரில் பவர் சேர் (மோட்டாரில் ஓடும் சக்கர நாற்காலி) ஓட்டும் தம்பியைக் கால்பந்து ஆட விடலாமா, வண்டிகள் மோதிக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடுங்கள், ஆனால் விதிகளோடு.

அணிக்கு கோல்கீப்பரையும் சேர்த்து 4 பேர், பந்து 33 செ.மீ. விட்டம், கூடைப்பந்து கோர்ட் போதும். வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, அதை ஆட்டத்துக்கு முன்பே சோதித்துவிடுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஒருவருக்கு எதிராக இருவர்’ கூடாது என்ற விதிதான்: பந்துக்கு 3 மீட்டருக்குள் எதிரணி ஆள் இருக்கும்போது நம் அணியில் ஒருவர்தான் அங்கே போகலாம், இன்னொருவரும் நுழைந்து ஆட்டத்தில் தலையிட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் (சொந்த கோல் பகுதியில் நிற்கும் கீப்பருக்கு விலக்கு உண்டு). இதனால்தான் வண்டிகள் கும்பலாக முட்டிக்கொள்வதில்லை. வேண்டுமென்றே இடித்தால் அட்டை காட்டி வெளியேகூட அனுப்பலாம்.

இடுப்பு பெல்ட் கட்டாயம். அப்புறம் குனிந்து தம்பியின் பாதத்தைப் பாருங்கள், பெருவிரல் முன்கம்பியை (பந்தை உதைக்க வண்டியின் முன்னால் மாட்டும் காப்பு) தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் முதல் உதையிலேயே நசுங்கும்.

சில்வர் பீச் மணலில் வேண்டாம், சக்கரம் புதையும், உப்புக்காற்று பேட்டரி முனைகளை அரிக்கும். வழுக்காத உள்ளரங்கத் தரை பாருங்கள். பெல்ட்டைச் சரிசெய்யப் போகும்போது முதலில் சுவிட்சை அணைத்துவிடுங்கள், உங்கள் முழங்கை ஜாய்ஸ்டிக்கில் பட்டாலே வண்டி பாய்ந்துவிடும்.