வரி வழக்கில் அரசுத் தரப்பே வரம்பு மீறினால் வழக்கு என்ன ஆகும்?

அமெரிக்காவில் பெரும்பாலும் வழக்கு தொடரும். முறைகேடாகக் கிடைத்த சாட்சியம் மட்டும் அடிபடும். ஆனால் குற்றச்சாட்டே போன கதையும் உண்டு: அமெரிக்காவின் கேபிஎம்ஜி வழக்கு.

பணக்காரர்களுக்கு மோசடியான வரிதவிர்ப்புத் திட்டங்களை விற்றதாக அந்தத் தணிக்கை நிறுவனம் சிக்கியது. ஊழியர் வழக்கில் மாட்டினால் வக்கீல் கட்டணத்தை நிறுவனமே கொடுப்பது அங்கே வழக்கம். அரசு வழக்கறிஞர்களோ, கட்டாயமில்லாமல் கொடுத்தால் அதை நுண்ணோக்கி வைத்துப் பார்ப்போம் என்றார்கள். நிறுவனம் பயந்துவிட்டது. விசாரணைக்கு ஒத்துழைத்தால்தான் கட்டணம், அதுவும் ஆளுக்கு 4 லட்சம் டாலர் வரைதான் என்றது. குற்றப்பத்திரிகை வந்ததும் அடியோடு நிறுத்தியது. 2005இல் 45.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு நிறுவனம் தப்பித்துக்கொண்டது, ஊழியர்கள்தான் மாட்டினார்கள். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

வக்கீல் வைத்து வாதாடும் உரிமையை அரசு பறித்துவிட்டது என்று 2007இல் நீதிபதி லூயிஸ் கப்லன் 13 பேர் மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அந்தத் தள்ளுபடி உறுதியானது.

சரி, எல்லோரும் தப்பினார்களா? இல்லை. மற்றவர்கள் மீது விசாரணை தொடர்ந்தது. 2008 டிசம்பரில் 3 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.