ஒன்ராறியோவில் முதல் பனிக்காலம்: எந்த ரயர், எத்தனை ரயர்?

தம்பி, ஸ்காபரோவுக்கு வந்து வாங்கிய பழைய கொரோலாவில் ஓல் சீசன் ரயர்கள் இருப்பதாகவும், பனிக்கும் அவையே போதும் என்று விற்றவர் சொன்னதாகவும், கையில் காசு குறைவாக இருப்பதால் முன்பக்கத்துக்கு மட்டும் இரண்டு வின்ரர் ரயர் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மட்டும் போட வேண்டாம். முன்னால் நல்ல பிடிப்பும் பின்னால் விறைத்த ரப்பரும் இருந்தால், வளைவில் பிறேக் பிடிக்கும்போது முன்பக்கம் தெருவைப் பற்றிக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் சுழன்று முன்னே வரப் பார்க்கும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

ஓல் சீசன் ரயரின் ரப்பர், வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் ரப்பரோ கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி கலக்கப்படுகிறது; அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஐஸ் மிக மோசமாக வழுக்குவது பூச்சியத்தை ஒட்டிய குளிரில், அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போதுதான். அந்த நீரை விலக்கி, ரப்பரின் விளிம்புகள் ஐஸைப் பற்ற உதவுபவை இந்த வெட்டுகளே. நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனம் வைத்திருப்பவர்கள் தமக்கு இதெல்லாம் தேவையில்லை என்பார்கள். அந்த வசதி புறப்பட உதவுமே தவிர, நிறுத்த உதவாது.

ரயரின் பக்கச்சுவரில், மூன்று சிகரங்களுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது, ஏனெனில் அவை பள்ளங்களின் அமைப்பை வைத்துத் தரப்படுபவை. மலைச்சின்னம் இறுகிய பனியில் இழுவையைச் சோதித்த பின்னரே கிடைக்கிறது. ஆனால் அந்தச் சோதனையும் ஐஸில் நிற்கும் திறனை அளப்பதில்லை. ஓல் சீசனிலிருந்து வேறான, ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓடக்கூடிய ஓல் வெதர் என்று விற்கப்படும் ரயர்களிலும் அதே சின்னம் உண்டு. நகருக்குள் மட்டும் ஓடுபவருக்கு, இரண்டாவது தொகுதியை வைக்க இடமில்லாதவருக்கு, அவை நல்ல தெரிவு. நீங்கள் இரவு வேலைக்குப் போவதாகவும், மாதந்தோறும் 401 நெடுஞ்சாலை வழியாக மொன்றியலுக்கு அக்காவிடம் போவதாகவும் எழுதியிருப்பதால், அசல் வின்ரர் ரயரையே சொல்வேன்.

மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை; ஆனால் 2016 முதல் வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு தர வேண்டும். தானாகத் தந்துவிடுவார்கள் என்று இருக்காமல், பற்றுச்சீட்டோடு கேட்டு வாங்குங்கள். ஆணி பதித்த ரயர் இங்கே தெற்கு ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு அனுமதியில்லை.

பழைய ரயர் வாங்குவதில் தவறில்லை, ஆனால் இரண்டு விடயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். பக்கச்சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் இலக்கங்களில் கடைசி நான்கும் உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பனியில் பயன்படாது. சரியான அளவு சாரதிக் கதவைத் திறந்ததும் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கும்.

இயன்றால் இரும்பு றிம்மோடு சேர்த்தே வாங்குங்கள். இல்லாவிட்டால் பருவத்துக்குப் பருவம் ரயரைக் கழற்றிப் பூட்டுவதற்கே கராஜில் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். முதல் பனி விழுந்த வாரத்தில் எங்கும் நேரம் கிடைக்காது, ஒக்டோபரிலேயே பதிந்துவிடுங்கள். பூட்டிய பின் 100 கிலோமீற்றர் அளவில் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் கூடக்கூடக் காற்றழுத்தம் இறங்கும் என்பதால், மாதம் ஒருமுறையாவது வண்டி ஓடாமல் நின்று ஆறிய நிலையில் அளந்து பாருங்கள். கழற்றிய ரயர்களை உங்கள் அடுக்குமாடியின் பல்கனியில் வைக்க நிர்வாகம் அனுமதிக்காவிட்டால், பருவம் முழுவதும் கட்டணத்துக்கு வைத்திருக்கும் கராஜ்கள் உண்டு. பூட்டப் போகும் இடத்திலேயே கேளுங்கள்.