கேள்வி – பதில்: செவ்வாய் இரவு ஆட்டங்களும் சிறிய கல்லூரிகளும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி, அதாவது தலைக்கவசம் அணிந்து முட்டை வடிவப் பந்தைக் கொண்டு ஆடும் ஆட்டத்தைப் பற்றி, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் அக்காள் மகன் ஓஹாயோ மாநிலத்து டோலிடோ பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நவம்பரில் அவர்களுடைய ஆட்டம் நமக்குப் புதன்கிழமை அதிகாலை 2 மணிக்குத் தொடங்குகிறது. அங்கே அது செவ்வாய்க்கிழமை இரவு 7 மணி. கல்லூரி ஆட்டம் என்றால் சனிக்கிழமைதானே? செவ்வாய்க்கு மாற்றிய புண்ணியவான் யார்?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: மாற்றியது தொலைக்காட்சி, ஒப்புக்கொண்டது கல்லூரி. அந்த நாட்டின் இலையுதிர்கால வாரத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஞாயிறும் திங்களும் வியாழனும் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டன. வெள்ளி இரவு உயர்நிலைப் பள்ளிகளுக்கு உரியது. சனிக்கிழமை கல்லூரிகளின் நாள்தான் என்றாலும், பெரிய கல்லூரிகள் காலை முதல் நள்ளிரவு வரை அதை நிரப்பிவிடுகின்றன.

இந்தப் பங்கீட்டுக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. என்.எஃப்.எல். அணிகள் தங்கள் ஒளிபரப்பு உரிமையை ஒன்றாகச் சேர்த்து விற்பதற்கு 1961-ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் சலுகை அளித்தபோது, செப்டம்பர் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை தொடங்கி டிசம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை வரை, வெள்ளி மாலை 6 மணிக்குப் பின்னும் சனிக்கிழமை முழுவதும், கல்லூரி ஆட்டம் (1966-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பள்ளி ஆட்டமும்) நடக்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் ஒளிபரப்பினால் அந்தச் சலுகை செல்லாது என்றும் அதே சட்டம் சொல்லிவிட்டது. ஆகவே தொழில்முறை ஆட்டம் அந்த இரு நாள்களையும் விட்டு விலகி நிற்கிறது. பள்ளிகள் தங்கள் வெள்ளிக்கிழமையை எவ்வளவு பத்திரமாகக் காக்கின்றன என்பதற்கு ஒரு சான்று: கல்லூரி அணிகளின் பெரிய கூட்டமைப்பான பிக் டென், 2017-ஆம் ஆண்டு முதல் சில வெள்ளி இரவுகளில் ஆடப்போவதாக அறிவித்தவுடன் பள்ளிப் பயிற்சியாளர்களின் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன.

மிஞ்சியவை செவ்வாயும் புதனும். டோலிடோ ஆடும் மிட்-அமெரிக்கன் கான்பரன்ஸ் என்ற சிறிய கூட்டமைப்பு, சுருக்கமாக மேக், நவம்பர் மாதத்தில் அந்த இரண்டு இரவுகளையும் தனதாக்கிக்கொண்டது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் அவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமையில்தான் ஆடுகிறார்கள்.

கேள்வி: எல்லாம் பணத்துக்காகத்தானே? அதை ஏன் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பணம் மட்டும் என்றால் கணக்கு உதைக்கிறது, ஐயா. மேக் 2014-இல் ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனத்துடன் செய்த 13 ஆண்டு ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு பத்துக் கோடி டாலருக்குச் சற்று மேல் என்று அப்போது செய்தி வந்தது. ஆண்டுக்கு எண்பது லட்சம் டாலர் அளவில் வரும் அந்தத் தொகையை ஒரு டஜன் கல்லூரிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பிக் டென் கூட்டமைப்போ 2022-இல் மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களிடமிருந்து பெற்றது ஏழு ஆண்டுகளுக்கு எழுநூறு கோடி டாலருக்கு மேல் என்றார்கள். செவ்வாய் இரவில் குளிரில் நடுங்கியதற்கான கூலி பெரிதன்று.

அவர்கள் உண்மையில் வாங்குவது பார்வையாளரை. சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு டோலிடோ ஆடினால், அதே நேரத்தில் பெரிய கல்லூரிகளான அலபாமாவும் ஓஹாயோ ஸ்டேட்டும் வேறு அலைவரிசைகளில் ஆடிக்கொண்டிருக்கும். பட்டணம் கடந்து ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார். செவ்வாய் இரவு நாட்டில் நடக்கும் கல்லூரி ஆட்டமே இரண்டோ மூன்றோதான். கால்பந்துப் பைத்தியம் உள்ள ஒவ்வொருவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. விண்ணப்பம் போட நினைக்கும் மாணவனும், அணியில் சேர யோசிக்கும் பதினேழு வயதுப் பையனும் அந்தக் கல்லூரியின் பெயரை முழுதாக மூன்றரை மணி நேரம் திரையில் பார்க்கிறார்கள்.

பழைய நிலையை நினைத்தால் இது விளங்கும். 1984-க்கு முன் எந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற மைய அமைப்பே தீர்மானித்தது. ஒரு கல்லூரி இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் வரக்கூடாது என்பது விதி. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், இளமையில் தாமே பெயர் பெற்ற கால்பந்து வீரர் என்பது ஒரு வேடிக்கை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு சந்தை திறந்தது. பெரியவர்கள் நல்ல நேரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

“அகால நேரம் வேண்டாம்” என்று மறுத்தவர்களின் கதையும் உண்டு. மேற்கு மாநிலங்களின் மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பு, வாரநாள் ஆட்டங்களைக் கேட்ட ஈ.எஸ்.பி.என். உறவை முறித்துக்கொண்டு, 2006-இல் தனக்கென்றே ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. ஒரு கூட்டமைப்பு தனக்காகவே நடத்திய முதல் அலைவரிசை அது. சனிக்கிழமை மீண்டும் கிடைத்தது. ஆனால் பல வீடுகளில் அந்த அலைவரிசையே வரவில்லை. செயற்கைக்கோள் வழியே பார்ப்போருக்குக்கூட 2008-இல்தான் கிடைத்தது. 2012-இல் அது மூடப்பட்டது. அதே ஆண்டுகளில் ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி ஸ்டேட், வாரநாள் இரவுகளில் தன் நீல நிறப் புல்தரையோடு நாடு முழுவதும் தெரிந்து, 2007 புத்தாண்டு நாளில் ஓக்லஹோமாவை 43–42 என்று வீழ்த்தியது. மறுத்தவர்களின் மான உணர்வை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் மேக் செய்த பேரமே புத்திசாலித்தனமானது என்பது என் கருத்து.

கேள்வி: நான் இரவுக் காவல் வேலை பார்ப்பவன். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் முடித்துக் காவலுக்குப் போனால், ஞாயிறு காலை 4.30-க்கு ஏதோ ஒரு கல்லூரி ஆட்டம் தொடங்குகிறது. அங்கே அது எந்த நேரம்? அவர்கள் தூங்குவதே இல்லையா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: நியூயார்க்கில் அது சனி இரவு 10.30. ஆனால் ஆட்டம் நடப்பது நியூயார்க்கில் அன்று. கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவிலும் சான் டியேகோவிலும் அப்போது 7.30 மணிதான், சாப்பிட்டுவிட்டு நிதானமாக மைதானத்துக்குப் போகலாம். பாய்ஸியில் 8.30, அங்கேதான் முணுமுணுப்பு நியாயமானது, குழந்தைகளோடு வந்தவர்கள் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். ஹவாய் பல்கலைக்கழகம் மாலை 6 மணிக்குத் தொடங்கினால் நமக்கு ஞாயிறு காலை 6. அவ்வளவு தூரம் பறந்து வந்து ஆடும் அணிகள் வழக்கமான பன்னிரண்டுக்கு மேல் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடிக்கொள்ளலாம் என்று தனி விதியே இருக்கிறது.

கிழக்கில் இருக்கும் பத்திரிகையாளர்கள் தூங்கிவிடுவதால் மேற்கு வீரர்களுக்குப் பரிசு கிடைப்பதில்லை என்ற புலம்பலை நான் முழுதாக ஏற்பதில்லை. 2024-இல் பாய்ஸியின் ஆஷ்டன் ஜென்டி 2,601 கெஜம் ஓடியும், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடமே பெற்றார். ஆனால் வென்ற டிராவிஸ் ஹன்டர் தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் ஆடியவர்.

நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், நாம் வைப்பதில்லை. அதன் பிறகு உங்கள் 4.30 ஆட்டம் 5.30 ஆகிவிடும்.

கேள்வி: ஒரு மணி நேர ஆட்டம் எப்படி மூன்றரை மணி நேரம் ஓடுகிறது?
– வாசகர், டோங்காட்

பதில்: எல்லைக்கோட்டருகே சிவப்புத் தொப்பி அணிந்து நிற்கும் மனிதரைக் கவனியுங்கள். விளம்பரம் முடியும் வரை அவர் அசைய மாட்டார். அவர் கை காட்டும் வரை நடுவர் பந்தை ஆட்டத்துக்கு விட மாட்டார். உறைநிலைக் குளிரில் இருபத்திரண்டு பேர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்க, பின்னால் பாதி காலியான இருக்கைகளை நோக்கிப் பேண்டு வாத்தியம் முழங்கும். 2023-இல் கடிகாரம் நிற்கும் தருணங்களைக் குறைத்தார்கள், விளம்பரங்களைக் குறைக்கவில்லை.

கேள்வி: வீரர்களின் படிப்பு?
– மாணவி, வெஸ்ட்வில்

பதில்: கெடுகிறது. செவ்வாய் இரவு வெளியூரில் ஆடிய அணி விடியற்காலையில் திரும்பி, புதன் காலை வகுப்புக்கு எந்த முகத்தோடு போகும்? இழப்பீடு எதுவும் இதற்கு இல்லை. இந்தப் பேரத்தில் நான் மன்னிக்காத பகுதி இதுதான்.

கேள்வி: நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களும் இப்படி ஒரு வாரநாளைப் பிடிக்கலாமே?
– வாசகர், லெனேஷியா

பதில்: பிடித்துவிட்டார்கள். வார்சிட்டி கோப்பை ரக்பி 2008 முதல் திங்கள்கிழமைகளில்தான் நடக்கிறது. வார இறுதியில் பெரிய அணிகள் ஆடுகின்றன; திங்கள் மாலை திரை காலியாக இருந்தது. ஒரு வேறுபாடு உண்டு: அது பிப்ரவரியில் தொடங்கும் கோடைக்காலப் போட்டி, விடுதியில் இருக்கும் மாணவர்கள் நடந்தே வருவார்கள், ஆகவே அரங்கும் நிரம்புகிறது, திரையும் நிரம்புகிறது. நம் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆடிய இரண்டாம் நிலை வார்சிட்டி ஷீல்ட் போட்டியை இன்னும் பிந்திய இரவுக்குத் தள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். விடுதியில் தங்காத நம் பிள்ளைகள் இரவு ஆட்டம் முடிந்து வீடு திரும்ப மினிபஸ் டாக்ஸி கிடைப்பது அரிது. அந்தச் செலவைத் தொலைக்காட்சி ஏற்காது.

கேள்வி: மகளின் கல்லூரி ஆட்டத்தைப் பார்க்க அமெரிக்கா போகலாம் என்றிருக்கிறோம். நேரத்தை எப்போது அறிவிப்பார்கள்?
– பெற்றோர், மெர்பேங்க்

பதில்: பெரிய கூட்டமைப்பு என்றால் தேதி முன்பே தெரியும், சனிக்கிழமைக்குள் எந்த நேரம் என்பதைத் தொலைக்காட்சி பல ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாகத்தான் சொல்லும், சில வாரங்களில் ஆறு நாள் முன்னதாக. மேக் கல்லூரி என்றால் நவம்பரின் செவ்வாய், புதன் தேதிகளைப் பருவம் தொடங்கும் முன்பே அறிவித்துவிடுவார்கள். முதல் வகை என்றால் வெள்ளி சென்று திங்கள் திரும்பும்படி பயணச்சீட்டு எடுங்கள். இரண்டாம் வகை என்றால் கம்பளிக் கோட்டை மறக்காதீர்கள்.