20 அலைவு, 40 செக்கன்

அன்பின் அண்ணா,

துணுக்காய்ப் பக்கம் எங்கள் கிராமம். மகள் ஓ.எல் (சாதாரண தர) பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்திருக்கிறாள். கணிதப் பிரிவு படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். எங்கள் பாடசாலையில் கலையும் வர்த்தகமும் மட்டும்தான். கிளிநொச்சியில் விடுதியில் விட்டுப் படிப்பிக்க வசதி போதாது. பௌதிகமும் இரசாயனமும் எங்கட பிள்ளைகளுக்குச் சரிவராது, கலை படித்தும் கம்பஸ் போகலாம் என்கிறார்கள். யூரியூப்பில் பாடம் பார்த்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாமா? மாவட்டக் கோட்டா இருக்கிறதுதானே, ஏன் கவலை என்று ஒரு உறவினர் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு தகப்பன்

அன்பின் தம்பி,

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் கிழமைதான் வன்னியில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். ஆய்வுகூடத்தின் திறப்பைத் தேடி எடுக்கவே அரை மணித்தியாலம் போனது. உள்ளே கண்ணாடி அலுமாரியில், திரவத்தை அளந்து விடுகிற கண்ணாடிக் குழாய்களான அளவிகள் வரிசையாக நின்றன. வேணியர் இடுக்கிமானி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் பூசிச் சுற்றிய தாள் இன்னும் அப்படியே இருந்தது. இரசாயன ஆசிரியர் மாற்றலாகிப் போய் ஒரு வருடமாம். அன்றிலிருந்து அந்த அலுமாரிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

முதலில் ஒரு ஏச்சு. 'எங்கட பிள்ளைகளுக்குச் சரிவராது' என்ற கதையை உங்கள் வீட்டு வாசலுக்குள் விடாதீர்கள். கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளையின் காதில் விழுகிற மாதிரிப் பேசுகிற பேச்சா அது? யார் சொன்னாலும் எழுப்பி அனுப்புங்கள். நீங்கள் அதை எனக்கு எழுதியதே எனக்குப் பிடிக்கவில்லை. கலை படிப்பது குறைவில்லை, விரும்பிப் படித்தால். வேறு வழியில்லாமல் தள்ளிவிடப்படுவது வேறு.

யூரியூப் துணைக்கு இருக்கட்டும். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கோட்டா பற்றி உங்கள் உறவினருக்கு ஒன்று சொல்லுங்கள். பல்கலைக்கழக இடங்களில் அகில இலங்கைத் திறமைக்கு 40 சதவீதம், மாவட்ட அடிப்படையில் 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. நானும் அந்த வழியால் போனவன்தான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் பரீட்சை எழுதிய பிள்ளைக்குத்தான். கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ள, கணிதப் பிரிவே இல்லாத 1சி பாடசாலையில் படிக்கிற பிள்ளை அந்த வரிசையில் நிற்கவேயில்லையே. பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில், எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. அங்கே போய்ச் சேரப் பாதை துணுக்காயிலிருந்து தொடங்க வேண்டாமா?

நான் ஏ.எல் (உயர்தரம்) படித்தது 1997இல், மல்லாவிப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டிலில். 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 96இல் கிளிநொச்சியிலிருந்து வந்தவர்கள் எல்லாம் அங்கேதான். ஆய்வுகூடம் கிடையாது. மண்ணெண்ணெய் விற்ற விலையில் இரவுப் படிப்பே பெரும்பாடு. ஆனால் பௌதிக சேர் இருந்தார். பாலை மரக் கிளையில் ஒரு மீற்றர் நூல் கட்டி, நுனியில் பெரிய நட் ஒன்றைத் தொங்கவிட்டார். நீளம் பார்த்தது தையல்காரரின் அளவு நாடாவால். இருபது அலைவு எண்ணச் சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். 40 செக்கன். காற்றில் நூல் ஆடியதால் திரும்பச் செய்தோம். திரும்பவும் 40. 'இப்ப பூமி இழுக்கிற இழுவையைக் கணக்குப் பார்' என்றார். புத்தகத்தில் கிடந்த 9.8 கொப்பியில் கிட்டத்தட்ட அப்படியே வந்து நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சேரின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சில துளி பெற்றோல் விட்டுத்தான் ஸ்டார்ட் எடுக்க வேண்டும். ஏன் முதலிலேயே மண்ணெண்ணெயில் எடுபடாது என்று கேட்பார். எளிதில் ஆவியாவது எது, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய் எப்படி ஒத்துவருகிறது என்று அந்த இருக்கையைத் தட்டித் தட்டியே சொல்லித் தந்தார். அளவியால் துளித் துளியாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் நிறுத்துகிற நியமிப்பை மட்டும் கரும்பலகையில்தான் படித்தோம். 'இளஞ்சிவப்பு' என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக அளவியைத் திறந்தபோது கை நடுங்கிக் கூட ஊற்றிவிட்டேன். குடுவை முழுக்கக் கடும் சிவப்பு. கொழும்புப் பிள்ளைகள் பக்கத்தில் ஒரு துளியில் நிறுத்தினார்கள். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர் இல்லை, தம்பி. அவர்கள் அதை ஏற்கெனவே பத்துத் தடவை செய்திருந்தார்கள்.

இன்றைக்கு அளவி இருக்கிறது, சேர் இல்லை. மாற்றலாகிப் போகிற ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம். யாழ்ப்பாணத்திலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு போய், எத்தனை வருடம் ஓடுவார்கள்? இருக்க ஒரு நல்ல விடுதி இல்லை. கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் போகிறார்கள், போகத்தான் செய்வார்கள். நான் சண்டை பிடிப்பது அவர்கள் போகும் நேரத்தைப் பற்றி. பௌதிகப் பாடத்திட்டத்தில் 11 அலகு. இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒருவர் அளவீடும் பொறியியலும் (விசை, இயக்கம் பற்றிய அலகு) படிப்பித்துவிட்டுப் போகிறார். நாலு மாதம் யாரும் இல்லை. புதியவர் வந்து, பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று தெரியாமல் திரும்பவும் அளவீட்டிலிருந்து தொடங்குகிறார். நான் போன பாடசாலையில் ஒரு பிள்ளையின் கொப்பியைப் புரட்டினேன். முதலாம் அலகு மூன்று கையெழுத்துக் குறிப்பில் மூன்று தடவை இருந்தது. ஓட்ட மின்னியல் ஒரு பக்கம்கூட இல்லை. பரீட்சைக்கு ஐந்து மாதம்.

ஏ.எல் வகுப்பைப் பொறுப்பெடுத்த ஆசிரியரை அந்த வகுப்பு பரீட்சை எழுதும்வரை அசைக்கக் கூடாது. அசைத்தால், அடுத்தவர் முதல் நாளே வகுப்பில் நிற்க வேண்டும். கட்டடத்துக்குக் காசு கேட்கிற பெற்றோர் சங்கங்கள் இதைக் கேட்கட்டும். ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு தவணையும் போய்க் கேட்கட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலைப் பிரிவில் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். கிளிநொச்சியில் விடுதிச் செலவுக்கு இரண்டொருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். பாடசாலையைத் தெரிவுசெய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பௌதிகமும் இரசாயனமும் யார் படிப்பிக்கிறார்கள், எப்போது வந்தார்கள் என்று விசாரியுங்கள். அப்புறம் எனக்கு ஒரு விஷயம் வேண்டும். உங்கள் மகளோடு ஓ.எல் எழுதியவர்களில் எத்தனை பிள்ளைகள் கணிதப் பிரிவு கேட்டார்கள்? மகளிடம் கேட்டு அந்த எண்ணிக்கையை இந்தக் கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள்.