பவுலின் கடிதங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பைபிளின் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் பெயரில் இருக்கும் 13 கடிதங்களையும் அவர்தான் எழுதினாரா?

ரோமர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன் ஆகிய 7 கடிதங்களில் ஆய்வாளர்களுக்குப் பெரிய சந்தேகம் இல்லை. 1, 2 தீமோத்தேயு, தீத்து ஆகியவற்றை அவர் வழிவந்தவர்கள் பிற்பாடு எழுதியிருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். மீதி மூன்றில் கருத்து ஒன்றுபடவில்லை.

இன்னொன்றும் உண்டு. பவுல் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவது வழக்கம். ரோமர் கடிதத்தை எழுதிய தெர்தியு கடைசி அதிகாரத்தில் தன் வாழ்த்தையும் சேர்த்துவிடுகிறார். 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார் பவுல். அடுத்த மூச்சிலேயே ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தது நினைவுக்கு வருகிறது. வேறு யாருக்காவது கொடுத்தேனா தெரியாது என்கிறார். முன்பு சொன்னதை யாரும் அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள். அவர் பேசுவதை நேரில் கேட்பது போல எனக்கு இருக்கும் இடம் இது.

கேள்வி: அவர் காலத்தை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

கொரிந்துவில் கல்லியோன் என்ற ரோம அதிபதியின் முன் பவுலை நிறுத்தினார்கள் என்கிறது புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 18ஆம் அதிகாரம். கிரேக்க நாட்டின் தெல்பியில் கிளவுதியு பேரரசரின் கடிதம் பொறித்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. அதில் கல்லியோன் பெயர் இருக்கிறது. அதை வைத்து அவர் பதவியில் இருந்தது கி.பி. 51-52 வாக்கில் என்று கொள்கிறார்கள். அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணித்தான் மற்ற ஆண்டுகள். 1 தெசலோனிக்கேயர் ஏறக்குறைய 50இல் எழுதப்பட்டது. புதிய ஏற்பாட்டிலேயே பழைய நூல் அதுதான் என்பது பெரும்பாலோர் கருத்து. சுவிசேஷங்கள் அதற்குப் பிறகு வந்தவை.

கேள்வி: பெண்கள் சபையில் பேசக்கூடாது என்றவர்தானே?

1 கொரிந்தியர் 14இல் அந்த வரி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரம் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பாக எடுத்துக்கொண்டு, முக்காட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 14ஆம் அதிகாரத்தின் அந்த வசனங்கள் இடம் மாறியும் வருகின்றன. அப்புறம் ரோமர் 16ஐத் திறந்தால் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள், உடன் உழைத்த பிரிஸ்கில்லாள், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற யூனியா என்று பெண்கள் வரிசையாக வருகிறார்கள். ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேரையும் மறைப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: எப்படி இறந்தார்?

ரோமில் வாடகை வீட்டில் இரண்டு ஆண்டு தங்கிப் போதித்தார் என்பதோடு அப்போஸ்தலர் நடபடிகள் நின்றுவிடுகிறது. ரோமப் பேரரசர் நீரோ காலத்தில் தலை வெட்டப்பட்டார் என்பது சபை மரபு.

கேள்வி: புதிதாக வாசிப்பவர் எங்கே தொடங்கலாம்?

ரோமரில் வேண்டாம், திணறிப்போவீர்கள். பிலேமோனை எடுங்கள், 25 வசனம்தான். ஒநேசிமு என்ற அடிமைக்காக அவன் எஜமானிடம் பவுல் பரிந்து எழுதுகிறார். அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வையும், நானே தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். அடுத்து, ‘புத்தியில்லாத கலாத்தியரே’ என்று கொதிக்கும் கலாத்தியருக்குப் போங்கள். ரோமர் மூன்றாவதாக இருக்கட்டும்.